செயலாளர் ஊடாக

ஓர் அரசாங்க உத்தியோகத்தர் வேறொரு பதவிக்கு விண்ணப்பிப்பதானால், அந்த விண்ணப்பத்தைத் தமது திணைக்களத் தலைவர் ஊடாகவே அனுப்ப வேண்டும். தலைவர் அதைத் தமது குறிப்புடன் தாமதமின்றி மேலே அனுப்ப வேண்டும். சிபாரிசு செய்ய விருப்பமில்லையென்றால், சிபாரிசு செய்யவில்லை என்று எழுதியாவது அனுப்ப வேண்டும். மேசை லாச்சிக்குள் வைத்திருக்கக் கூடாது. நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், இதுதான் விதி. ரொறன்ரோவிலுள்ள ஒரு றக்பி கழகத்துக்கு அது பொருந்தாது என்று எனக்கு யாரும் எழுத்தில் அறிவிக்கவில்லை.

மனைவி காலமானபின், 1993இல், மகள் என்னை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டாள். ஸ்காபரோவில் ஒரு மாடிக்கட்டடத்தின் பதினான்காவது தளத்தில் மகளும் மருமகனும் நானும் இருந்தோம். மருமகன் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் போர்க்லிவ்ற் ஓட்டினார். கிழக்கிலிருந்து மேற்குக்கு 401 நெடுஞ்சாலையில் போய், மேற்கிலிருந்து கிழக்குக்கு 401இல் வந்து, மீதமிருந்த நேரத்தில் றக்பி விளையாடினார். சிறுவயதில் மலைநாட்டுப் பாடசாலையொன்றில் விடுதியில் தங்கிப் படித்தவர். அங்கே அந்த விளையாட்டை ஒரு சமயம்போலக் கைக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெற்றோடு வளர்ந்த எனக்கு றக்பி என்பது விசில் ஊதி ஒழுங்காக நடத்தப்படும் அடிபிடியாகத் தெரிந்தது. ஒழுங்காக நடத்தப்படுவதால் நான் அதை ஆட்சேபிக்கவில்லை.

1994 இலையுதிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க வட இங்கிலாந்துக்காரர் ஒருவர் வந்திருந்தார். விட்பியிலுள்ள தமக்கை வீட்டுக்கு வந்தவர். தமக்கையின் மகன் எதிரணியில் விளையாடினான். மருமகன் அந்தப் பையனை மூன்று தடவை கடந்து ஓடினார். நான்காவது தடவை கடந்து ஓடாமல் மேலாலேயே ஓடினார். ஆட்டம் முடிந்ததும் மாமன்காரர் வந்தது மருமகனோடு பேசத்தான்.

அவர் தம்முடைய ஊர்க் கழகத்துக்கு ஆட்கள் தேடிக் கொடுப்பவராம். அங்கே விளையாடுவது பதின்மூன்று பேர் ஆடும் றக்பி. அதற்குச் சம்பளம் உண்டு. வசந்தகாலத்தில் வந்து இரண்டு ஆட்டம் ஆடிக்காட்டட்டும், பிடித்தால் ஒப்பந்தம் தருவோம், அதற்கு முன் தன் விபரங்களை எழுதி அனுப்பட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மாமா, ஒரு கடிதம் எழுதித் தாறியளோ?" என்று மருமகன் கேட்டார். "வயது, உயரம், நிறை, எங்கையெங்கை விளையாடினது, எல்லாம் போடச் சொன்னவர். என்ரை இங்கிலீசிலை எழுதினால் பேக்கரிக்குக் கேக் ஓடர் குடுத்தமாதிரி இருக்கும்."

"ஓம் தம்பி. அதுக்கென்ன."

"இப்போதைக்கு ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம், என்ன?"

நான் இதைக் கண்ணூறுக்குப் பயந்து சொன்னதாக எடுத்துக்கொண்டேன். விசா கிடைத்ததை விமானத்தில் ஏறும்வரை சொந்தத் தமையனுக்கும் சொல்லாத சனம் நாங்கள். அந்த வழக்கம் எனக்குப் பிடிக்காதது. முறையான அலுவலுக்கு ஒளிப்பு எதற்கு என்று கச்சேரியிலும் கேட்டவன், ரொறன்ரோவிலும் என்னையே கேட்டுக்கொண்டேன்.

இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினேன். முழுப்பெயர், பிறந்த திகதி, தற்போதைய கழகம், விண்ணப்பிக்கும் பதவி. மேலே, இடது பக்கத்தில், கழகச் செயலாளர் ஊடாக என்று எழுதிக் கீழே கோடு போட்டேன். மருமகன் வெயர்ஹவுசிலிருந்து வந்த களைப்பில் வாசிக்காமலே ஒப்பமிட்டார். வாசிக்காமல் ஒப்பமிடுவது பிழை என்று அப்போதே சொன்னேன்.

"நீங்கள் எழுதினதுதானே மாமா," என்றார்.

மூன்று பிரதி எடுத்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை பஸ்சில் மைதானத்துக்குப் போனேன். மருமகனுக்கு அன்று ஓவர்ரைம். கழக அறை மைதானத்தின் ஓரத்தில் இருந்த தாழ்ந்த செங்கல் கட்டடம். உள்ளே நனைந்த சப்பாத்து நாற்றம். செயலாளர் தொழிலால் ஒரு பல் வைத்தியர். அறுபது வயதிருக்கும். கழுத்துப்பட்டி கட்டியிருந்ததால் எனக்கு அவர்மேல் நல்லெண்ணம் உண்டாயிற்று.

அவர் நின்றபடியே முதற்பக்கத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் முதற்பக்கத்தையே வாசித்தார். இதை என்னிடம் தருவது உங்கள் மருமகனுக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் ஒப்பத்தைக் காட்டினேன். அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தனக்கு இன்று வேலை அதிகம், இந்தக் கடிதத்தைத் தான் காணவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம், நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இன்னொருமுறை யோசித்தால் நல்லது என்று மெதுவாகச் சொன்னார்.

கடிதத்தைப் பாரமெடுக்க மனமில்லாத எழுதுவினைஞர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. வேலை அதிகம் என்பார்கள், நாளைக்கு வா என்பார்கள், காணவில்லை என்பார்கள். அவர்களுக்கு மருந்து ஒன்றுதான். மூன்றாவது பிரதியை மேசையில் வைத்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதித் திகதியிட்டு ஒப்பமிடும்படி கேட்டேன்.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து ஒப்பமிட்டார். பஸ்சில் திரும்பி வரும்போது, காரியத்தைச் சரியாக முடித்த திருப்தி எனக்கு இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் அந்தத் திருப்தி என்னை ஏமாற்றியதில்லை.

பதினோராம் நாள் மாகாண றக்பிக் குழுவிடமிருந்து மருமகனின் பெயருக்குக் கடிதம் வந்தது. இந்தக் கதையில் தாமதமில்லாமல் வந்த ஒரே கடிதம் அதுதான். சம்பளத்துக்கு ஆடும் பதின்மூன்று பேர் றக்பியில் சேர எழுத்தில் விண்ணப்பித்ததை அவரே அறிவித்திருப்பதால், பதினைந்து பேர் ஆடும் றக்பியில் எந்தக் கழகத்திலும் விளையாடவோ பயிற்சி செய்யவோ, கழக அறைக்குள் வரவோ அவருக்கு இனி அனுமதியில்லை. காலம்: ஆயுள் முழுவதும்.

மருமகன் குசினியில் நின்று அதை வாசித்தார். ஜக்கற்றைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, கடிதத்தை ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?"

"முறைப்படி உங்கடை செயலாளரிட்டை. அவர் மேலை அனுப்புவார்."

"இங்கிலாந்துக்கு?"

"ஓம். குறிப்போடை."

மருமகன் கதிரையில் அமர்ந்து கடிதத்தை மடித்தார். மகள் அதை வாங்கி வாசித்தாள். பிறகு என் மூன்றாவது பிரதியையும் வாசித்தாள்.

"அப்பா, களவாய்ச் செய்யிற அலுவலுக்கு மூண்டு கொப்பியோ?"

"களவு எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, பிள்ளை."

"ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டு இவர் சொன்னவர்தானே!"

"செயலாளர் ஒருத்தரோ? அவர் செயலாளர்."

"விடும்," என்றார் மருமகன் அவளிடம். என்னைப் பார்த்து, "சொதி இருக்கோ மாமா?" என்று கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். ஏழு இடியப்பம் சாப்பிட்டார். அந்த மனிதர் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

அன்றுதான் அவர் எனக்கு முழுவதையும் விளக்கினார். பதினைந்து பேர் ஆடுவோர் கூலி வாங்கக் கூடாது. பதின்மூன்று பேர் ஆடுவோர் வாங்கலாம். பதின்மூன்றின் வீட்டில் ஒருதரம் கை நனைத்தவனைப் பதினைந்து திரும்பச் சேர்க்காது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆகவே, ஆடிக்காட்டப் போகிறவர்களின் பெயரை அங்கே வெளியிட மாட்டார்களாம். அணிப் பட்டியலில் அவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'வேறொருவர்' என்று அச்சிடுவார்களாம். பிடிக்காவிட்டால் ஒன்றும் நடவாததுபோலத் திரும்பி வந்து பழைய கழகத்தில் ஆடலாம். எல்லாரும் அறிந்த, எல்லாரும் அறியாததுபோல நடிக்கும் ஏற்பாடு. பல் வைத்தியரும் அதைத்தான் எனக்குத் தர முயன்றிருக்கிறார். நான் அவரிடம் கையொப்பம் வாங்கினேன். கையொப்பமிட்ட பின் அவருக்கு வேறு வழியில்லை. அவருடைய இடத்தில் நானிருந்தாலும் அதையே செய்திருப்பேன். பதினோரு நாள் எடுத்திருக்க மாட்டேன்.

தடைக்கு எதிராக அந்த மார்கழியில் முதலாவது மேன்முறையீட்டை எழுதினேன். குற்றப்பத்திரம் இல்லை, விசாரணை இல்லை, விளக்கம் கேட்கப்படவில்லை. கச்சேரியில் முத்திரை திருடியவனுக்குக்கூட இவை மூன்றும் கிடைத்தன. கடிதம் மாகாணக் குழுவுக்கு. மேலே, இடது பக்கத்தில், கழகச் செயலாளர் ஊடாக. கீழே கோடு.

பதில் வரவில்லை. தை மாதம் இரண்டாவதை எழுதினேன். அதற்கும் வரவில்லை.

குளிர்காலம் முழுவதும் மருமகன் தனியே ஓடினார். பழைய கூட்டாளிகள் பயிற்சி செய்யும் நாளில் மைதானத்துப் பக்கம் போய், கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவார். கயிற்றுக்கு உள்ளே வாத்துகளுக்கு அனுமதி இருந்தது.

இங்கிலாந்துக்கான அலுவல்களை மகள் பார்த்தாள். அந்த இங்கிலாந்துக்காரரின் விட்பித் தமக்கையின் ரெலிபோன் இலக்கத்தைக் கண்டுபிடித்துப் பேசினாள். படிவங்கள் வந்தன. என்னைத் தொட விடவில்லை. பேனை எடுத்துக் கொடுக்க மட்டும் அனுமதித்தாள். 1995 மார்ச்சில் மருமகன் போனார். ஆயுள் தடை பெற்றவருக்கு ஒளிக்க ஒன்றுமில்லை, தன் பெயரிலேயே ஆடலாம். ஆனால் அங்கத்தைய எழுதுவினைஞர் பழக்கத்தை மாற்றவில்லை. விட்பி வழியாக வந்த பத்திரிகைத் துண்டில், 'வேறொருவர்' வலது ஓரத்தால் ஓடி இரண்டு தடவை கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தார் என்றும், அன்றைய ஆட்டத்தில் திறமானவர் 'வேறொருவர்' என்றும் இருந்தது. அதை நான் கோப்பில் போட்டேன். மருமகனின் முழுப்பெயர் ரொறன்ரோவில் மூன்று பிரதியில் இருந்தது.

ஒப்பந்தம் கிடைத்தது, 1997 இலையுதிர்காலம் வரை. தொழில்முறை ஆட்டக்காரர் என்று அதில் எழுதியிருந்தது. தொழில்முறை ஆட்டக்காரர் விடியக்காலையில் ஒரு பேக்கரி வானில் பாண் கொண்டுபோய்க் கொடுத்தார். பின்னேரத்தில் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து அவர் ரெலிபோன் எடுக்கும்போது எங்களுக்கு மதியமாகும்.

"எப்பிடித் தம்பி?"

"வெண்டிட்டம் மாமா. சின்ன விரல் மட்டும் இப்ப வடக்கைப் பாக்குது."

முதல் வருடம் பெரும்பாலும் இரண்டாம் அணியில்தான். பார்க்க வந்த சனம் அவரைக் 'கனடா' என்று கூப்பிட்டதாம். எதிரணிக்காரர் வேறு பெயர்களாலும் கூப்பிட்டார்கள். "ஒருத்தன் ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டான் மாமா. நான் அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய் வைச்சன். பிறகு அவன் ஒண்டும் கூப்பிடேல்லை," என்றார். பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை.

அந்த ஆட்டத்தின் விதிகளையும் ரெலிபோனில்தான் படித்தேன். பந்தோடு பிடிபட்டால் எழும்பி, காலால் பின்னுக்குத் தட்டிவிட்டுத் தொடரலாம். ஆறு தடவை. ஆறாவது தடவையும் பிடிபட்டால் பந்தை எதிர்த்தரப்பிடம் ஒப்படைத்துவிட வேண்டும். எனக்கு இந்த விதி மிகவும் பிடித்தது. முயற்சிக்கு ஓர் எல்லை இருக்கிறது, எல்லை எழுத்தில் இருக்கிறது.

1995 ஆகஸ்ட் கடைசியில், பதினைந்து பேர் றக்பியிலும் இனிச் சம்பளம் கொடுக்கலாம் என்று உலகத்துக்கே அறிவித்தார்கள். நூலகத்தில் பத்திரிகையில் அதை வாசித்தவுடன், வெளியே போய் அதே பத்திரிகையில் ஒன்று வாங்கினேன். குற்றம் ஒழிந்தால் தண்டனையும் ஒழிய வேண்டும் என்பது எந்த நாட்டிலும் சரியான வாதம். பத்திரிகைத் துண்டை இணைத்து மூன்றாவது மேன்முறையீட்டை எழுதினேன். செயலாளர் ஊடாக. பிறகு நான்காவது. பிறகு இரண்டு நினைவூட்டல்.

"ரெலிபோன் அடிச்சுக் கேளுங்கோவன், அப்பா," என்றாள் மகள்.

"வாய்ச்சொல் கோப்பிலை நிக்காது, பிள்ளை."

இது நான் அவளுக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணம், ரெலிபோனை அந்தப் பல் வைத்தியர் எடுப்பார் என்பது. கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகப் பேசிய அந்தக் குரலை மறுபடி கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

1996இல் மகளும் அங்கே போனாள். என்னையும் வரச் சொன்னாள். பதில் வந்தால் வாங்குவதற்கு இங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, குளிர்ப்பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி ஒட்டிவிட்டுப் போனாள்.

1997 செப்டெம்பரில், ஒரு ஞாயிறு மதியம், மருமகன் வழமைக்கு மாறாக முழங்காலைப் பற்றிப் பேசினார். ஒப்பந்தம் முடியப்போகிறது. இப்போதைய கழகம் அதைப் புதுப்பிக்கவில்லை. இன்னும் வடக்கே ஒரு சிறிய கழகம் இரண்டு வருடத்துக்குக் கூப்பிடுகிறது. ஒக்ரோபர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

"எங்களுக்குத் திரும்பி வரத்தான் விருப்பம் மாமா. பிறம்ரனிலை வேலை தருவினம். பெடியள் என்னை ஆடவும் பழக்கவும் வரச் சொல்லுறாங்கள். ஆனால் உந்தத் தடை இன்னும் இருக்கோ?"

"எழுத்திலை ஒண்டும் வரேல்லை, தம்பி."

"மைதானத்துக்கை காலும் வைக்க ஏலாமல், கயித்துக்கு வெளியிலை நிண்டு பாக்கிறதுக்கு நான் வரேல்லை. ஒருக்கா அடிச்சுக் கேட்டுப் பாருங்கோவன்."

மூன்று வருடத்தில் அவர் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

"எழுத்திலை எடுப்பம், தம்பி. அதுதான் பலம்," என்றேன்.

அதற்குமுன் ஆறு கடிதம் போட்டிருந்தேன். பதின்மூன்று பேர் றக்பி விதிப்படி நான் பந்தை ஒப்படைத்திருக்க வேண்டும். ஏழாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒக்ரோபர் 31ஆம் திகதிக்கு முன் பதில் தரும்படி கேட்டு, திகதிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். ஒவ்வொரு நாளும் தபால்காரர் வரும் நேரத்துக்குப் பதினான்கு மாடி இறங்கிக் கீழே நின்றேன். அந்த மாதம் லிப்ற் இரண்டு தடவை பழுதானது. அப்போதும் இறங்கினேன்.

முப்பத்தோராம் திகதி வெள்ளிக்கிழமை. அன்று வந்தவை ஒரு பீட்சாக் கடை விளம்பரமும் ஐதரோ மின்சாரப் பில்லும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது ஒரு தடித்த கடித உறை. அனுப்பியவர் கழகத்தின் புதிய செயலாளர். மன்னிப்புக் கேட்டிருந்தார். பல் வைத்தியர் 1995 கோடையிலேயே ஓய்வுபெற்று வேறு மாகாணத்துக்குப் போய்விட்டாராம். பதவி இரண்டு வருடத்துக்கு மேல் வெற்றிடமாக இருந்ததாம். செயலாளருக்கு வந்த தபாலையெல்லாம் யாரோ வெற்றிக் கிண்ணங்கள் வைக்கும் அலுமாரிக்குப் பின்னால் ஒரு பெட்டியில் போட்டுவந்தார்களாம். பதிவுத் தபாலுக்கு மைதானக் காவலாளி ஒப்பமிட்டு, அதையும் அதே பெட்டியில் போட்டாராம். முந்திய வாரம்தான் தான் பெட்டியைத் திறந்ததாக எழுதியிருந்தார்.

உள்ளே இரண்டு இணைப்புகள். ஒன்று, மாகாணக் குழுவின் கடிதம். பதின்மூன்று பேர் றக்பி தொடர்பாக விதிக்கப்பட்ட தடைகள் எல்லாம் நீக்கப்பட்டன என்று இருந்தது. திகதி 1995 செப்டெம்பர். மருமகனின் பெயருக்கு அனுப்பப்பட்டிருந்தது. மேலே, இடது பக்கத்தில், கழகச் செயலாளர் ஊடாக.

மற்றது, இறப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஒரு கட்டு. என்னுடைய கடிதங்கள். முதல் இரண்டும் திறக்கப்பட்டிருந்தன. அவற்றின் ஓரத்தில், இது மேலே போனால் அவருக்கு இன்னும் கெடுதல், கொஞ்சக்காலம் பொறுப்போம், என்று பல் வைத்தியரின் கையெழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. மிச்சம் ஐந்தும் திறக்கப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைவரை காத்திராமல் அப்போதே ரெலிபோன் எடுத்தேன். மகள்தான் எடுத்தாள்.

"அப்பா? என்ன செவ்வாய்க்கிழமையிலை? ஆரும் செத்துப்போச்சினமோ?"

கடிதத்தை வாசித்தேன். திகதியையும் வாசித்தேன். அவள் ரெலிபோனை மருமகனிடம் கொடுத்தாள். அவருக்கும் வாசித்தேன். தெருவில் ஏதோ ஒரு வானின் கதவு சாத்துகிற சத்தம் தூரத்தில் கேட்டது.

"வெள்ளிக்கிழமைதான் கையெழுத்து வைச்சனான், மாமா," என்றார்.

"நான் அண்டைக்கே அடிச்சுக் கேட்டிருக்கவேணும், தம்பி."



"ரண்டு வருசம்தானே. வருவம்," என்றார். "அந்தக் கடிதத்தைப் பத்திரமாய் வைச்சிருங்கோ. வரேக்கை கதவிலை காட்டவேணும்."

பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. "மூண்டு கொப்பி எடுங்கோ, அப்பா!"

கீழே இருந்த கடையில் மூன்று பிரதி எடுத்தேன். மூலப்பிரதியைக் கோப்பில் போடுமுன், கச்சேரியில் செய்ததுபோல, மேல் வலது மூலையில் சிவப்புப் பேனையால் எழுதினேன்: கிடைத்தது, 1997 நவம்பர் 4.